கருவி கையில், ஆணை எவர் கையில்?

கருவி கையில் இருத்தல் வேறு. கருவி கைவயப்படுதல் வேறு. முன்னது பணத்தால் முடிவது. பின்னது அறிவாலும் உழைப்பாலும் மட்டுமே முடிவது. இவ்வேறுபாட்டைத் தமிழகத்தில் நெய்வேலியைவிடத் தெளிவாக எடுத்துரைக்கும் ஊர் பிறிதொன்று இல்லை.

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. 1957 மே 20-ஆம் நாள் அன்றைய தலைமை அமைச்சர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். கரிப்படுகையின் மேற்கிடந்த மண்ணை அகழ்ந்தெறிய மேற்குச் செருமனியிலிருந்து மாபெரும் அகழ்பொறிகள் கொண்டுவரப்பெற்றன. விளிம்பெல்லாம் வாளிகள் பொருத்திய பேருருளை ஒன்று சுழன்று சுழன்று மண்ணை வாரும் அப்பொறிகள், செருமானிய நாட்டின் நெகிழ்ந்த மண்ணிலும் மணலிலும் பழகியவை. நெய்வேலியிலோ அவற்றை எதிர்கொண்டது கடலூர் மணற்கல் எனப்படும் வன்படுகை. வாளிகளின் பற்கள் விரைந்து தேய்ந்தன, பணி தளர்ந்தது.

அப்போது நெய்வேலியார் செய்தது என்ன? 'பொறி வந்தபடியே இருக்கட்டும்; மண் மாறட்டும்' என்று கைகட்டி நின்றனரா? இல்லை. வன்படுகையை முன்னரே துளையிட்டு வெடிவைத்துத் தளர்த்தும் முறையை மேற்கொண்டனர். வாளிப் பற்களை இம்மண்ணின் வன்மைக்கேற்ப மாற்றியமைத்தனர். 1961 ஆகத்துத் திங்களில் கரிப்படுகை வெளிப்பட்டது; 1962-இல் மின்னாக்கம் தொடங்கியது. அதன் பின்னரும் பல்லாண்டுகள் அத்திருத்தப் பணி தொடர்ந்தது. அயலார் வார்த்துக் கொடுத்த வடிவம் மாற்றவொண்ணாத கல்வெட்டன்று என்பதே அந்நாளைய தொழிலாளரும் பொறியாளரும் விட்டுச் சென்ற படிப்பினை.

அப்படிப்பினை அகழ்பொறிக்கு மட்டும் உரியதன்று. உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு பொறிக்கும் அது பொருந்தும். அச்சிறு பொறி எண்மிய ஒலிப்பதிவி. அது நெய்வேலிக்கு இன்று ஏன் வேண்டும், அதனைக் கைவயப்படுத்துதல் எங்ஙனம், அதன் உள்ளிருந்து ஆளும் ஆணை எவருடையது என்பவற்றைத் தமிழர் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மண்ணோடு போகும் மொழி

நெய்வேலி வெறும் பொட்டல் நிலத்தில் எழுந்த நகரன்று. வட்டம் வட்டமாக வகுத்து, நேர்நேராகத் தெருவிட்டு, மரம் வளர்த்து அமைத்த அந்நகரியத்தின் கீழும், அதனை அடுத்துப் பரந்து கிடக்கும் சுரங்கங்களின் வெளியிலும் சிற்றூர்கள் இருந்தன. முந்திரிக் கொல்லைகள் இருந்தன. பலாவும் கம்பும் கேழ்வரகும் விளைந்த செம்மண் மேடுகள் இருந்தன. அவ்வூர்களில் வாழ்ந்தவர் பெயர்க்கப்பட்டனர். முதற் சுரங்கத்திற்காகவும், பின்னர் வந்த சுரங்கங்களுக்காகவும் ஊர்கள் எழுந்து நகர்ந்தன. 2023 சூலைத் திங்களில் வளையமாதேவிப் பகுதியில், கதிர் நின்ற வயலுக்குள்ளேயே மண்வாரிப் பொறிகள் இறங்கிய காட்சியைத் தமிழகம் முழுதும் கண்டது.

நிலத்திற்கு விலை குறிப்பார் உளர். போதாதென்று வழக்காடுவாரும் உளர். ஆயின் அந்நிலத்தோடு சேர்ந்து பெயர்ந்து போகும் சொல்லுக்கு விலை குறிப்பார் யார்? ஓர் ஊர் கலைந்தால் அவ்வூரார் பல ஊர்களுக்குச் சிதறுகின்றனர். பிள்ளைகள் வேறு வழக்கைப் பேசுகின்றனர். ஏரியின் மதகுக்கும், கொல்லையின் மூலைக்கும், காற்றின் திசைக்கும், மழையின் வகைக்கும் அவ்வூரார் வைத்திருந்த பெயர்கள், சுட்டிக்காட்ட அவ்விடமே இல்லாமையால் வழக்கொழிகின்றன. 1957-இல் இருபது அகவை இளைஞராய் இருந்தவர்க்கு இன்று எண்பத்தைந்தைக் கடந்துவிட்டது. அவர்தம் குரலைக் கேட்பதற்கு இன்னும் எத்துணை ஆண்டுகள் எஞ்சியுள்ளன?

விருத்தாசலம் வட்டாரத்தைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்னும் நூலைத் தொகுத்தளித்தார். தனியொருவர் உழைப்பாக விளைந்த அந்நூல் நடுநாட்டு மக்கள் அனைவரும் நன்றியுடன் போற்றத்தக்கது. ஆயினும் அச்சு, சொல்லைக் காட்டுமேயன்றி அச்சொல்லின் ஒலியைக் காட்டாது. எந்த எழுத்தை நீட்டினர், எதனை விழுங்கினர், கேள்வியில் குரல் எங்கு ஏறிற்று, ஒப்பாரியில் எங்கு உடைந்தது என்பனவற்றைத் தாள் தாங்காது, ஒலிப்பதிவே தாங்கும்.

ஈண்டுத் தனித்தமிழ் அன்பர் ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். இவ்வட்டாரத்து முதியவர் நிலக்கடலையை 'மல்லாட்டை' என்பார். 'மணிலாக்கொட்டை' என்பதே அவ்வாறு திரிந்தது; மணிலா அயல்நாட்டு நகரம். அதற்காக அம்முதியவரை இடைமறித்து, 'நிலக்கடலை என்று சொல்லுங்கள்' எனத் திருத்தப் புகுவது பேதைமை. எழுதுவோன் தன் நடையில் தூய்மை பேணுக. பதிவோன் கேட்டதைக் கேட்டபடியே பதிக. கேட்டபடி பதிந்தாலன்றி, எது தமிழின் வேர்ச்சொல், எது வந்தேறிய சொல் என ஆராய்வார்க்கு அடிமனையே இல்லாது போகும்.

இதற்குக் கைப்பேசி போதாதோ எனச் சிலர் வினவுவர். ஒன்றுமே இல்லாத இடத்துக் கைப்பேசியும் நன்றே. ஆயின் அதன் பதிவுச் செயலிகள் பலவும் இடம் சுருங்குதற்பொருட்டு ஒலியின் நுண்கூறுகளை உதிர்த்துவிட்டே சேமிக்கின்றன; இடையில் ஓர் அழைப்பு வந்தால் பதிவு தடைப்படலும் உண்டு. ஒலிப்பதிவியோ அப்பணி ஒன்றற்கே ஆக்கப்பட்டது.

பெட்டிக்குள் இருக்கும் ஆணை

ஒலிப்பதிவி ஒன்றை வாங்குவோர் அதன் ஒலிவாங்கியைப் பார்க்கின்றனர், விலையைப் பார்க்கின்றனர், மின்கலம் எத்துணை மணிநேரம் தாங்கும் என வினவுகின்றனர். கண்ணுக்குப் புலனாகாத ஒன்றை வினவுவார் மிகச் சிலரே. அதுவே அக்கருவியின் நிலைப்பொருள். ஆங்கிலத்தார் 'பெர்ம்வேர்' என்பது.

கையால் தொடத்தக்க உறுப்புகள் வன்பொருள். கணிப்பொறியில் வேண்டும்போது ஏற்றி வேண்டாதபோது நீக்கும் நிரல்கள் மென்பொருள். இவ்விரண்டற்கும் இடைநின்று, கருவியின் உள்ளே ஒரு நினைவுச் சில்லில் நிலையாகத் தங்கி, அக்கருவியின் ஒவ்வோர் அசைவையும் ஆளும் ஆணைத்தொகுதியே நிலைப்பொருள். சிவப்பு விசையை அழுத்தினால் பதிவைத் தொடங்குக என்பதும், ஒலியலையை நொடிக்கு 44,100 முறை அளந்து எண்ணாக்குக என்பதும், அவ்வெண்களை நினைவட்டையில் இன்ன ஒழுங்கில் எழுதுக என்பதும், மின்கலம் தளர்ந்தால் கோப்பை முறையாக மூடிவிட்டு அணைக என்பதும் அதன் ஆணைகளே. கருவி உடல் எனின் நிலைப்பொருள் அதன் பழக்கம். உடலை மாற்றாமலே பழக்கத்தைத் திருத்தலாம். அத்திருத்தமே நிலைப்பொருளைப் புதுக்குதல்.

அதனால் விளையும் பயன் யாது? இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும்.

குறுவட்டின் தரத்தில் இருதடமாகப் பதிந்தால் ஒரு மணிநேரத்திற்கு ஏறத்தாழ 635 மெகாபைட்டு இடம் செல்லும். ஒலிப்பதிவிகள் பலவற்றில் ஒரு கோப்பின் உச்ச அளவு 2 கிகாபைட்டு. எனவே மூன்று மணி இருபது மணித்துளி கடந்தவுடன் கருவி தானாகவே அக்கோப்பை முடித்து அடுத்ததைத் தொடங்கும். இரவு முழுதும் நடைபெறும் தெருக்கூத்தைப் பதிவோர்க்கு இது நேர்ந்தே தீரும். அவ்விணைப்பிடத்தில் ஒரு சொல்லும் விழாமல் காப்பது நிலைப்பொருளின் பொறுப்பு. அதில் பிழை இருப்பின் எத்துணை விலையுயர்ந்த ஒலிவாங்கியும் அதனை ஈடுசெய்யாது.

மற்றொன்று நினைவட்டை. பழைய கருவிகள் பலவும் 32 கிகாபைட்டு வரையுள்ள அட்டைகளையே அறியும். அதனின் மிக்க அட்டைகள் வேறு வகையான கோப்பமைப்பில் வருவன. பழைய ஆணைத்தொகுதிக்கு அது விளங்காது. 64 கிகாபைட்டு அட்டையை வாங்கிச் செருகிய இளைஞன் ஒருவன், மந்தாரக்குப்பத்து முதியவள் ஒருத்தியின் எதிரே அமர்கின்றான் எனக் கொள்க. அவள் தாலாட்டைத் தொடங்குகின்றாள். கருவியோ அட்டையை ஏலாது பிழை காட்டுகின்றது. கடை இருபது கல் தொலைவில். அவள் மறுமுறை பாடுவாளோ, மாட்டாளோ! சில கருவிகளில் இக்குறையை நிறுவனத்தாரே புதிய நிலைப்பொருளால் நீக்கியுள்ளனர். அதனை ஏற்றிக்கொள்ளக் கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தை ஒதுக்காமையால் ஒரு தாலாட்டு ஒழிந்து போதல் தகுமோ?

புதிய வசதியைத் தருவனவும் உள. சூம் நிறுவனத்தின் எச்-2-என் என்னும் ஒலிப்பதிவி விற்பனைக்கு வந்து சில ஆண்டுகள் கழிந்தபின், 2016-இல் வெளியான நிலைப்பொருளால் சுற்றுப்புற ஒலியைத் திசையுணர்வோடு பதியும் திறத்தைப் பெற்றது. வாங்கியவர் ஓர் உறுப்பையும் மாற்றவில்லை. ஆணை மாறியது, திறம் கூடியது.

புதுக்கும் முறை

இப்பணியை அஞ்சத்தக்கதாகச் சிலர் கருதுகின்றனர். சிலர் விளையாட்டாகக் கருதிக் கருவியைப் பாழாக்குகின்றனர். இரண்டும் தவறு. முறையறிந்து செய்வார்க்கு இஃது எளிது. கருவிக்குக் கருவி சிறு வேறுபாடு உண்டெனினும், பொதுவான ஒழுங்கு ஒன்றே.

முதற்கண், கருவியில் இப்போதுள்ள நிலைப்பொருளின் பதிப்பெண்ணைக் காணல் வேண்டும். அமைப்புப் பட்டியலின் இறுதியில் பெரும்பாலும் அது காட்டப்படும். பின்னர் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள புதிய பதிப்பின் எண்ணோடு ஒப்பிடல் வேண்டும். அங்கே, எந்தப் பிழை நீக்கப்பட்டது, எந்த வசதி சேர்ந்தது எனக் குறிப்பு ஒன்று இருக்கும். அக்குறிப்பைப் படியாது புதுக்குதல், நோயறியாது மருந்துண்பதை ஒக்கும்.

இரண்டாவது, அக்கருவியின் பெயருக்கு எழுத்துக்கு எழுத்து ஒத்த கோப்பையே இறக்குதல் வேண்டும். எச்-4 வேறு, எச்-4-என் வேறு. ஓரெழுத்து மாறினும் ஒன்றன் ஆணை மற்றொன்றற்கு ஆகாது. நிறுவனத்தின் தளத்திலிருந்தன்றி அயலார் தளங்களிலிருந்து இறக்குதல் கூடாது. கோப்பின் பெயரை மாற்றுதலும் ஆகாது. ஒரே கோப்பை இருமுறை இறக்கினால் கணிப்பொறி இரண்டாவதன் பெயரோடு ஓர் எண்ணைச் சேர்த்துவிடும். அப்பெயரைக் கருவி அறியாது. 'புதுக்க இயலவில்லை' என மனம் சலிப்பார் பலர்க்கும் நேர்ந்தது இச்சிறு பிழையே.

மூன்றாவது, நினைவட்டையில் உள்ள பதிவுகள் அனைத்தையும் வேறிடத்தில் படியெடுத்தபின், அட்டையைக் கருவியிலேயே வைத்துத் துடைத்துச் செப்பஞ்செய்தல் வேண்டும். பின்னர்க் கோப்பை அதில் இடுதல் வேண்டும். இடும் இடமும் கருதத்தக்கது. சூம் கருவிகளில் எந்தக் கோப்புறைக்குள்ளும் இடாது அட்டையின் முகப்பிலேயே இடுதல் வேண்டும். தாசுகாம் கருவிகள் பலவற்றில் 'யுடிலிட்டி' என்னும் கோப்புறைக்குள் இடுதல் வேண்டும்.

நான்காவது, புதிய மின்கலங்களைப் பொருத்துதல் அல்லது மின்னிணைப்போடு வைத்தல். ஆணையை எழுதிக்கொண்டிருக்கும் இடைவெளியில் மின் நின்றுவிட்டால் பழைய ஆணையும் இல்லை, புதிய ஆணையும் இல்லை. கருவி வெறுங்கல்லாகி விடலாம். நாட்டுக்கே மின் வழங்கும் நெய்வேலியிலும் மின் தடைப்படுதல் உண்டு. எனவே மின்னிணைப்பில் வைப்பினும் உள்ளே நல்ல மின்கலமும் இருத்தல் நன்று.

ஐந்தாவது, கருவியை அணைத்து, நிறுவனம் குறித்த விசையை அழுத்திப் பிடித்தவாறே மீண்டும் இயக்குதல். சூம் கருவிகள் பலவற்றில் அது, பதிந்ததை ஒலிக்கச் செய்யும் விசை. திரையில் பழைய எண்ணும் புதிய எண்ணும் தோன்றி, புதுக்கலாமா என்னும் வினா எழும். ஒப்புதல் தந்தபின், முடிந்தது எனக் கருவியே கூறும்வரை ஒன்றையும் தொடலாகாது.

இறுதியாக, அணைத்து மீண்டும் இயக்கிப் பதிப்பெண்ணைச் சரிபார்த்தல். கோப்பை அட்டையிலிருந்து நீக்குதல். நாளும் நேரமும் பிறழ்ந்திருப்பின் திருத்துதல். ஒலியளவு, பதிவுத்தரம் முதலிய அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பியுள்ளனவா எனப் பார்த்தல். பத்து மணித்துளிகள் பதிந்து கேட்டல். நாளும் நேரமும் சிறு செய்தியல்ல. நாள் பிறழ்ந்த பதிவு, பெயரழிந்த கல்வெட்டை ஒக்கும்.

'நன்றாக இயங்கும் கருவியைத் தொடுவானேன்?' என்பாரும் உளர். அவர் கூற்றில் உண்மையும் உண்டு. குறிப்பைப் படித்து, தம் பணிக்கு அத்திருத்தம் தேவையன்று எனக் கண்டு, புதுக்காது விடுதல் அறிவுடைமை. ஊருக்குப் புறப்படும் நாளின் முன்னிரவில் புதுக்காதிருத்தலும் அறிவுடைமையே. ஆயின் அப்படியொன்று உண்டென்றே அறியாமல் விடுதல் அறிவுடைமை ஆகாது. அஃது அறியாமைக்கு இட்ட அழகிய பெயர்.

ஒற்றைப்படியின் இடர்

மேற்கூறிய ஒழுங்கில் மூன்றாவது படியை மட்டும் மீண்டும் நினைவூட்டல் வேண்டும். பதிவுகளைப் படியெடாது அட்டையைத் துடைப்பவன், தான் சேர்த்ததைத் தானே எரிப்பவன்.

எரிதல் என்பது தமிழர்க்கு உவமையன்று, பட்டறிவு. 1981-ஆம் ஆண்டு மே இறுதியிலும் சூன் தொடக்கத்திலுமாக யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படியில்லாத ஓலைச்சுவடிகளும் இருந்தன. அச்சிட்ட நூல் பிறிதோரிடத்தில் கிடைக்கக்கூடும். ஒற்றைப்படியாய் இருந்தது சாம்பலானால் அதற்கு மறுபிறப்பில்லை. அவ்வடுவைச் சுமந்த ஈழத்தமிழரே பின்னர் 2005-இல் நூலகம் என்னும் எண்மிய நூலகத்தைத் தொடங்கி, நூல்களோடு வாய்மொழி வரலாறுகளையும் திரட்டலாயினர். எரித்தவரை நோவதோடு நில்லாது, எரியாத வகையில் படியெடுத்து வைத்ததே அவர்தம் விடை.

நெய்வேலிப் பகுதியில் பதியப்படும் ஒவ்வொரு குரலுக்கும் மூன்று படிகளேனும் வேண்டும்: ஒன்று பதிந்தவரிடம், ஒன்று பேசியவர் குடும்பத்தாரிடம், ஒன்று தொலைவில் உள்ள ஒரு நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ. நிலைப்பொருட் கோப்புக்கும் அவ்வாறே ஒரு படி வைத்தல் வேண்டும். நிறுவனங்கள் நிலையானவை அல்ல. ஒலிப்பதிவிகளுக்குப் பெயர்பெற்ற ஒலிம்பசு நிறுவனத்தின் அத்துறை 2021 தொடக்கத்தில் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியது. கைமாறும்போது பழைய கருவிகளின் கோப்புகள் இணையதளத்தில் தொடர்ந்து இருக்கும் என்பதற்கு உறுதி என்ன? தன் கருவியின் ஆணையைத் தன்னிடமே ஒரு படி வைத்திருப்பவன் எவர் வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை.

ஆணையின் மொழி எது?

இனி, எல்லாவற்றினும் தலையாய வினா. புதுக்கலாமா என்று கருவி கேட்கிறதே, எம்மொழியில் கேட்கிறது? பிழை நேர்ந்தால் எம்மொழியில் கூறுகிறது? தமிழில் அன்று.

2024-இல் சூம் நிறுவனம் வெளியிட்ட 'எசன்சியல்' வரிசை ஒலிப்பதிவிகளில், பார்வையற்றோர்க்குப் பயன்படுமாறு பட்டியலைக் குரலாற் கூறும் அமைப்பு உண்டு. மிக நல்ல செயல், பாராட்டத்தக்கது. ஆங்கிலக் குரலோடு, சப்பானியம், செருமானியம், பிரெஞ்சு முதலிய மொழிகளின் குரல்களையும் நினைவட்டை வழியாகக் கருவிக்குள் ஏற்றிக்கொள்ளலாம். அவ்வரிசையில் தமிழ் இல்லை. பார்வையற்ற தமிழ் இளைஞன் ஒருவன் தன் பாட்டியின் குரலைத் தமிழில் பதிதற்கு, முதலில் அயன்மொழி ஒன்றைக் கேட்டு விளங்கிக்கொள்ள வேண்டும்! இதனை நிறுவனத்தின் பகைமை என்று கொள்ளற்க. கேட்டவர்க்குக் கொடுத்தனர், தமிழர் கேட்கவில்லை. கேளாமையின் குற்றம் கேளாதார் மேலதே.

'ஆங்கிலம் அறிந்தால் போயிற்று; இதற்கும் தமிழ் வேண்டுமோ?' என நகைப்பாரும் உளர். அவர்க்கு நெய்வேலியின் சுரங்கமே விடை கூறும். அகழ்பொறியின் பற்களை எவர் தேய்வறிந்து மாற்றினர்? நாளும் அதனருகே நின்று, கையால் தொட்டு, தம் மொழியில் பேசிக்கொண்ட தொழிலாளர் அல்லரோ! கருவியின் மொழி சிலர்க்கே விளங்குமாயின் கருவியைத் திருத்தும் உரிமையும் அச்சிலர்க்கே உரியதாகும். எஞ்சியோர் விசையை அழுத்தும் கைகளாக மட்டுமே இருப்பர்.

மொழியைக் கருவிக்குள் ஏற்றுதல் இயலாததோ? பிறர் ஏற்றியுள்ளனர். 2001-ஆம் ஆண்டின் இறுதியில், ஆர்க்கோசு என்னும் பிரெஞ்சு நிறுவனத்தின் கையடக்க இசைக்கருவியோடு வந்த ஆணைத்தொகுதி பிடிக்காத சுவீடன் நாட்டு நிரலாளர் சிலர், அதற்கு மாற்றாகத் தாமே ஒரு நிலைப்பொருளை எழுதத் தொடங்கினர். 'இராக்பாக்சு' என்பது அதன் பெயர். ஒலியைப் பதியவும் வல்ல கருவிகள் சிலவற்றிலும் அது இயங்கியது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், தம் மொழியைச் சேர்க்கலாம் என்னும் திறந்த முறையில் அஃது ஆக்கப்பட்டமையால், தொண்டர்கள் பற்பல மொழிகளில் அதனைப் பெயர்த்தனர். பட்டியலைக் குரலாற் கூறும் வசதியையும் அதில் அமைத்துப் பார்வையற்றோர்க்கு உதவினர். அம்மொழிகளுள், சுவிட்சர்லாந்தின் ஒரு மலைப்பகுதியில் மட்டும் பேசப்படும் செருமானியக் கிளைவழக்கும் ஒன்று. தனிநாடோ படையோ இல்லாத ஒரு மலைவழக்கு கருவிக்குள் இடம்பிடித்ததெனின், எட்டுக் கோடி மாந்தர் பேசும் மொழிக்கு இடம் மறுத்தவர் யார்?

தமிழர்க்கும் இது புதிதன்று. 1999-இல் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட தமிழ்99 விசைப்பலகை ஒழுங்கு, அயலார் இட்ட கொடையன்று. உலகெங்கும் உள்ள தமிழ் வல்லுநர் கூடி, வாதிட்டு, உருவாக்கியது. கணிப்பொறியில் தமிழ் வந்தது அப்படித்தான். கைப்பேசியில் தமிழ் வந்ததும் அப்படித்தான். ஒலிப்பதிவியிலும் அப்படித்தான் வரும், தானாக வாராது.

மூடிய ஆணைத்தொகுதிகளில் அயலார் ஒரு சொல்லையும் மாற்ற இயலாது என்பது உண்மையே. சூம், தாசுகாம் முதலிய நிறுவனங்கள் தம் நிரலை வெளியிடுவதில்லை. ஆங்கே செய்யத்தக்கது, வாங்குவோர் கூடிக் கேட்டல். திறந்த ஆணைத்தொகுதிகளில் செய்யத்தக்கது, கேளாமலே புகுந்து உழைத்தல். இரு வாயில்களும் தமிழர்க்குத் திறந்தே உள்ளன.

செய்யத்தக்கவை

வெறும் ஆர்வவுரை பயன் தராது. ஒல்லும் செயல்கள் சிலவற்றை வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

நெய்வேலி பொறியறிவு மிக்க ஊர். மின்னுறுப்புகளைப் பழுதுபார்க்க வல்லாரும், கணிப்பொறியில் தேர்ந்த இளைஞரும் அங்கு நிறைந்துள்ளனர். நகரியத்தில் உள்ள தமிழ் மன்றங்கள் அவர்களை அழைத்து, ஒலிப்பதிவி வைத்திருப்போர்க்கு ஆண்டில் ஒருநாள் பயிற்சி அளித்தல் இயலும். 1998-இல் தொடங்கிய நெய்வேலிப் புத்தகக் கண்காட்சி போன்று மக்கள் திரளும் இடத்தில் அதற்கென ஓர் அரங்கு அமைத்தல் இன்னும் சிறப்பு.

ஒவ்வொரு வகைக் கருவிக்கும் ஒரே ஒரு தாளில், எளிய தமிழில், நிலைப்பொருள் புதுக்கும் முறையை எழுதிப் பரப்புதல் வேண்டும். அத்தாளில் கருவியின் திரையில் தோன்றும் ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் தந்து, அவற்றின் பொருளையும் எதிரே தருதல் வேண்டும். நாளை அந்நிறுவனம் தமிழ்ப்பட்டியல் ஆக்க முன்வருமாயின் அத்தாளே அதற்கு அடிப்படையாகும்.

ஒலிப்பதிவிகளை வாங்கும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் அரசு நிறுவனங்களும், தமிழ்ப் பட்டியலும் தமிழ்க் குரல்வழிகாட்டலும் உடைய கருவிக்கே முதலிடம் தரப்படும் எனத் தம் கொள்முதல் அறிவிப்பில் ஒரு வரி சேர்த்தல் வேண்டும். நூறு முழக்கங்கள் செய்யாததை அவ்வொரு வரி செய்யும். விற்போன் செவி வாங்குவோன் சொல்லுக்கே திறக்கும்.

பொறியியல் பயிலும் தமிழ் மாணவர், திறந்த நிலைப்பொருள்களைத் தம் பயிற்சித் திட்டமாக எடுத்துக்கொள்ளல் வேண்டும். தேர்வுக்காகச் செய்து குப்பையில் எறியப்படும் திட்டங்கள் ஆயிரம். அவற்றுள் ஒன்று தமிழை ஒரு கருவிக்குள் ஏற்றுமாயின் அதன் பயன் தலைமுறைகளைத் தொடரும்.

இவையனைத்தும் நிறைவேறும்வரை குரல்கள் காத்திரா. தமிழ்ப்பட்டியல் வரட்டும், பின்னர்ப் பதிவோம் எனத் தள்ளிப்போடுதல் ஆகாது. இன்றுள்ள கருவியை இன்றே புதுக்கி, புதிய மின்கலம் இட்டு, நாளும் நேரமும் திருத்தி, நாளை காலையே முதியவர் வாயிலில் சென்று அமர்தல் வேண்டும்.

செருமானிய மண்ணுக்குச் செய்த அகழ்பொறியை நெய்வேலி மண்ணுக்குப் பழக்கியவர் தமிழர். அப்பொறி அம்மண்ணை அகழ்ந்தது. அம்மண்ணில் வேரூன்றிய ஊர்களையும் அகழ்ந்தது. அவ்வூர்களின் குரலை அள்ளித் தருதற்கு இன்று சிறு பொறி ஒன்று கைக்கு வந்துள்ளது. பெரும்பொறியைப் பழக்க அறிந்த கைகள் சிறு பொறியைப் பழக்க அறியாவோ? கருவி தமிழர் கையில் உள்ளது. அதன் ஆணையும் அவர்தம் அறிவுக்குள் வரட்டும். அவர்தம் மொழிக்குள் வரட்டும். அன்றுதான் பதிந்த குரல் முழுமையாகத் தமிழர்க்கு உரியதாகும்.